வாசலில் அடம்பு

புது வீட்டு வாசலில் நாங்கள் முதலில் போட்ட தோட்டம் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை.

வீடு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கடலைப் பார்த்து முடிகிற ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. வாசலுக்கு முன்னால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் கருங்கல் குவியல், அப்புறம் கடல். மனை என் கணவரின் அப்பா காலத்தது. அதில் முன்பு ஒரு வீடு இருந்தது. அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த வீடு நின்ற இடம் இன்று கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு அடியில். மிஞ்சிய பின்பாதி மனையில்தான் நாங்கள் கட்டினோம். கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டினாற்போல் கல் அடுக்கித் தூண்டில் வளைவு போட்ட பிறகு, இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் தங்க ஆரம்பித்திருந்தது. அந்தத் தைரியத்தில் கட்டினோம்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரியே தோட்டத்துக்கும் ஆள் சொன்னார். மாதவரம் பக்கமிருந்து ஒரு நர்சரிக்காரர் வந்தார். மணலின்மேல் செம்மண் கொட்டி, பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்தார். சிவப்பு இலைக் குரோட்டன்ஸ், வாசலின் இரு பக்கமும் அலங்காரப் பனை. "ஈசிஆர் பக்கம் பெரிய பெரிய வீட்டுல எல்லாம் இதான் மேடம் வைக்கிறாங்க" என்றார். கிரகப்பிரவேசத்துப் புகைப்படங்களில் அந்தப் புல் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

பிறகு கடற்காற்று தன் வேலையைத் தொடங்கியது. இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டிய காகிதம்போலக் கருகியது. கருகாத இடத்தில் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்றில் வரும் நிலக்கரித் தூள் படிந்தது. காலையில் ஈரத்துணியால் துடைத்தால் மாலையில் மறுபடி விரலில் ஒட்டும். புல் தேங்காய்நார் மிதியடி நிறத்துக்கு வந்தது. அலங்காரப் பனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குருத்து சாய்ந்தன. நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அதனால் எந்த வித்தியாசமும் ஏற்படவில்லை.

என் கணவர் காசிமேட்டில் விசைப்படகுகளின் இன்ஜின் பழுது பார்க்கிறவர். செத்துப்போன இன்ஜினைப் பார்க்கிற அதே முகத்தோடு ஒரு நாள் அந்தப் புல்லைச் சுற்றி வந்தார்.

"இத்தோட வுடு. மொத்தமா சிமெண்டு போட்டுட்லாம். பெருக்கி வுட்டா சுத்தமா கீது. வண்டிய நிறுத்தலாம், துணி காய வைக்கலாம்."

"வாசல்ல கொஞ்சம் பச்சையா இருந்தா இன்னாங்க?"

"பச்ச பெயிண்டு அடிச்சிக்கலாம்."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தீர்வாகச் சொன்னார். மண்ணின்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பழைய வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் "போச்சு" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. நானும் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், எடைமேடையில். லாரி மேடைமேல் ஏறும், நான் எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன், லாரி இறங்கும். நாள் முழுக்க இதுதான். என் அறையின் சன்னலுக்கு நேர் கீழே, மேடையின் இரும்புத் தகடும் சிமெண்டும் சேருமிடத்தில், ஒரு எருக்கஞ்செடி இருந்தது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. டிரைவர்கள் அதன்மேல் பாக்கு எச்சில் துப்புவார்கள். சில சமயம் டயரே ஏறும். ஒடிந்த இடத்தில் பால் வடிந்து காய்ந்து, அதன் பக்கத்திலிருந்து வேறொரு கிளை கிளம்பும். ஊதாப் பூக்கொத்தில் கருவண்டுகள் வந்து உட்காரும். அந்தச் செடியைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். என் வாசலில் புல் செத்த வாரத்தில்தான் முதல்முறையாக அதைச் செடியாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கரையோரமாக வடக்கே நடந்தேன். எதையும் வாங்குகிற எண்ணமில்லை. யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், இந்தக் காற்றில் தானாக எது முளைத்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். கல் இடுக்குகளில் எருக்கு இருந்தது. எண்ணூர் நெருங்க நெருங்க, ஒரு நிலக்கரிக் கிடங்கின் நீண்ட மதிலோரம் காற்று மணலைக் குவித்திருந்தது. அந்தக் குவியல் முழுக்க அடம்பங்கொடி படர்ந்திருந்தது. ஆட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்த தடித்த இலை. வெளிர் ஊதாப் புனல் பூ. குவியலின் மேல்பகுதியில் இராவணன் மீசை, ஊசி ஊசியாக நீண்ட புல். அதன் முள்ளுருண்டைகள் காற்றில் மணல்மேல் உருண்டுகொண்டிருந்தன. கரித்தூள் இவற்றின்மேலும் படிந்திருந்தது. இவை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நான் குனிந்து, கணுவில் வேர் விட்ட கொடிகளாகப் பார்த்து அறுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. கிடங்கின் செக்யூரிட்டி.

"இன்னாமா, இங்க இன்னா பண்ணிகினு கீற?"

"கொடி எடுக்குறேன்."

"கொடியா? இன்னா கொடி? கட்சிக் கொடியா?"

"இந்தக் கொடிங்க" என்று காலடியில் காட்டினேன்.

அவர் பையை வாங்கிக் கையை விட்டு அடிவரை துழாவினார். மதிலோரம் கேபிளும் இரும்பும் பொறுக்க ஆட்கள் வருவார்கள் என்றும், போன வாரம்தான் ஒருவரைப் பிடித்ததாகவும் சொன்னார். பையில் கொடியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது அவரை இன்னும் குழப்பியது.

"இத்த வச்சி இன்னா பண்ணுவ? மருந்தா?"

"வூட்டு வாசல்ல நடப் போறேன்."

"வாசல்லயா?" அவர் என் செருப்பையும் புடவையையும் ஒருமுறை பார்த்தார். "சரி, எட்த்துகினு போ. மொத்தத்தையும் நீ அள்ளிகினு போனாலும் இங்க ஒருத்தனும் கேக்க மாட்டான். செவுருகிட்ட மட்டும் வராத."

வீட்டில் செம்மண்ணை வாரி, சந்தின் அந்தப் பக்கம் இருக்கிற எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். மாடியில் தொட்டி வைக்க அவர் கேட்டிருந்தார். அடியில் இருந்த பழைய மணல் வெளியே வந்தது. அதில் கணுக்கள் புதையும்படி கொடிகளைப் படுக்கவைத்து, ஈரம் காயாமல் சாக்கு போட்டு மூடினேன். இராவணன் மீசையை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்ததில் கையெல்லாம் கீறல். யார்டு எருக்கின் காய் வெடித்துப் பஞ்சு பறந்தபோது விதைகளை ஒரு உறையில் பிடித்து வைத்திருந்தேன். அதையும் ஓரமாகத் தூவினேன். செய்முறை இவ்வளவுதான். ஒரு மழைக்குப் பிறகு எல்லாம் பிடித்துக்கொண்டன.

எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட் பக்கம் விற்கிறவர். வியாபாரம் முடிந்து வந்து கூடையை இறக்கும்போது என் வாசலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மே, இவ்ளோ செலவு பண்ணி வூடு கட்டி, வாசல்ல பீச்சக் கொண்டாந்து வச்சிகினு கீற?"

"பீச்சுதான இது, அக்கா. வேற இன்னா வைக்கிறது?"

"ரோஜா வைக்கிறது. மல்லி வைக்கிறது. ஊர்ல செடியா இல்ல?"

அவருடைய சிரிப்பில் வன்மம் இருக்கவில்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த என் நாத்தனார்தான் உண்மையில் பயந்தார். முழங்கால் உயரம் வந்திருந்த எருக்கைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, ஒரு வூடு நாசமாப் போவணும்னா எருக்கு மொளைக்கட்டும்னு சாபம் வுடுவாங்க. நீ இன்னாடான்னா அதுக்குத் தண்ணி ஊத்திகினு கீற. ஏற்கெனவே ஒரு வூடு போன எடம் இது."

அந்த வீட்டில் பிறந்தவர் அவர், நான் இல்லை. மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது எருக்கு இருந்தது, திரும்பியபோது இல்லை. பிடுங்கியது கணவர்தான் என்று தெரியும். அவர் சட்டையில் பால்கறை இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதை இரவுச் சாப்பாட்டில் உப்பு குறைவாகப் போட்டு வெளிப்படுத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த வாரம் நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வாசலின் நடுவே கயிறு கட்டினோம். தெற்குப் பாதி அவருக்கு, வடக்குப் பாதி எனக்கு. அவர் பாதியில் மேஸ்திரி வந்து வழவழவென்று சிமெண்டு போட்டுக் கொடுத்தார். என் பாதியில் மணல் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களுக்குள் சொத்துத் தகராறு என்றே நினைத்தார்கள்.

எருக்கின் வேர் முழுதாக வந்திருக்கவில்லை போலிருக்கிறது. மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி துளிர்த்தது. இம்முறை அவர் பிடுங்கவில்லை. கவனிக்கவில்லையா, விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

காற்றுக் காலம் வந்ததும் ஒரு விஷயம் நடந்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. எதிரே கரையிலிருந்து கிளம்பும் மணல், அவர் சிமெண்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் மோதிக் குவிந்தது. தினமும் அவர் பெருக்கித் தள்ள வேண்டியிருந்தது. என் பாதியில் மணல் வந்த இடத்திலேயே நின்றது. இராவணன் மீசையின் அடியில் முதலில் ஒரு கைப்பிடி, பிறகு ஒரு கூடை. மணல் மூட மூட அடம்பு அதன் மேலேறிப் புதிதாக வேர் விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வாசலில் ஒரு மேடு உருவானது. கேட்டின் ஒரு கதவைத் திறக்க முடியாமல் போனது. வீட்டுப் படிகளில் கடைசிப் படி மணலுக்குள் போனது.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, புதைந்த படியின் இடத்தில் காலை வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு இடத்தில். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மண்ணு ஏறிகினு வருது" என்றார்.

"வாரிப் போட்டுடட்டுமா?"

"வாணாம், வாணாம்." படியில் உட்கார்ந்தார். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"ராத்திரி அலை வந்து அட்ச்சிகினு போச்சின்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க. அப்டிலாம் இல்ல. மத்தியானம். நல்ல வெயிலு. காத்துகூட இல்ல. அம்மா சோறு வடிச்சிகினு இருந்திச்சி. அடுப்பங்கர செவுத்துக்குக் கீய மண்ணு சர்ருனு எறங்கிச்சி, மூட்டைல ஓட்ட வுயுந்தா சக்கர கொட்டும் பாரு, அந்த மாறி. அம்மா சோத்துக் குண்டானத் தூக்கிகினு வெளிய வந்துச்சி. நாங்க எல்லாரும் ரோட்டுல நின்னு பாத்துகினு இருந்தோம். செவுரு வுயல. உக்காந்துச்சி. அப்டியே மெல்லமா, வயசானவங்க உக்கார்ற மாறி."

"அப்பால?"

"அப்பால இன்னா. ரோட்டுலயே உக்காந்து சோறு துன்னோம். பசி."

அவ்வளவுதான் சொன்னார். இவ்வளவு வருடங்களில் "போச்சு" என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது இது. டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவர் குடித்துவிட்டு, தன் பாதியில் பெருக்கிய மணலைத் தகரத்தில் அள்ளிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொட்டினார். அதற்கப்புறம் தினமும் அப்படியே செய்தார். அதைத் தோட்ட வேலை என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வரும். எங்கள் சந்தின் முனையில்தான் ஊர்ப் பையன்கள் பந்தல் போடுவார்கள். அந்த வருடம் கூட்டம் அதிகமாக வரும் என்று, சந்து முனையிலிருந்து கரைவரைக்கும் தரையைச் சமன் செய்ய ஜேசிபி வைத்திருந்தார்கள். என் மேடு அதற்குள் கேட்டைத் தாண்டி வெளியேயும் படர்ந்திருந்தது. மகத்துக்கு முதல்நாள் நான் யார்டில் இருந்தேன். கடலில் காற்று சரியில்லாமல் படகுகள் போகாததால் புதிய பழுது எதுவும் வரவில்லை; கணவர் வீட்டில் இருந்தார். நடந்ததை மாலையில் எதிர்வீட்டு அக்காதான் சொன்னார். நான் பேருந்திலிருந்து இறங்கி வரும்போதே சந்தின் பாதியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ஊட்டுக்காரு இன்னிக்கி பண்ண வேலைய நீ பாக்கலியேம்மே. ஜேசிபி வந்து உன் கொடிய வாரிகினு கீது. பாதி வாரிட்ச்சி. இவுரு லுங்கியோட ஓடியாந்தாரு. 'டேய் நிறுத்துடா'ன்னாரு. பசங்க, 'நைனா, கலீஜா கீது, கிளீன் பண்ணித் தர்றோம்'னானுங்க. 'இன்னாடா கலீஜு? அது மண்ணப் புட்ச்சிகினு கீதுடா. இத்த வாரிட்டு அடுத்த மயைக்கு எவன் வூட்டுல வந்து உக்காரப் போற?'ன்னு கத்துறாரு. அவனுங்க கேக்கல. இவுரு போயி அந்த மேட்டு மேல கால மடக்கி உக்காந்துட்டாரு. பக்கெட்டு இம்மாந்தூரத்துல நிக்குது. எனக்கு மெர்சலாயிட்ச்சி."

"அப்பால?"

"டிரைவரு இன்ஜின ஆஃப் பண்ட்டு டீ குடிக்கப் போய்ட்டான். அவனுக்கு இன்னா. கடைசில இவுருதான் சொன்னாரு, 'பந்தல எம் சிமெண்டு மேல போட்டுக்கோங்கடா, சமையலும் அங்கயே பண்ணிக்கோ, இந்தப் பக்கம் மட்டும் வராத'ன்னு. பசங்களுக்கு குஷியாயிட்ச்சி. மண்ணுல அடுப்பு வைக்கிறத வுட அது பெஸ்ட்டு பாரு."

வீட்டை அடைந்தபோது கேட்டுக்கு வெளியே தரை பலகைபோல் சமமாக இருந்தது. கொடித் துண்டுகள் டயர் தடத்தில் நசுங்கிக் கிடந்தன. உள்ளே பாதி மேடு தப்பியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், சிமெண்டின்மேல், பையன்கள் மணல் நிரப்பிய தகர டின்களில் சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"சண்ட போட்டீங்களாமே?"

"யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வயிய மறிச்சிகினு நின்னானுங்க, சொன்னேன்."

மறுநாள் சாமிகள் வந்தன. மேளம் அடித்தது. எங்கள் சிமெண்டுத் தரையில் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிளறினார்கள். நாத்தனாரும் வந்து வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார். எருக்கம்பூவைப் பறித்து யாரோ பிள்ளையாருக்கு மாலை கட்டியிருந்தார்கள். நாத்தனார் அதைப் பார்த்தார், சாபத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. கூட்டம் கலைந்தபோது என் பாதியிலும் நிறைய மிதிபட்டிருந்தது. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அழுகிற அளவுக்கு இல்லை.

டயர் நசுக்கிய துண்டுகளில் சில, மணலுக்குள் அமுங்கிப்போனவை, மறுபடி இலை விட்டன. இராவணன் மீசை அந்தப் பக்கம் திரும்ப வரவில்லை. சமப்படுத்திய இடத்தில் அக்கா இப்போது நெத்திலி காயவைக்கிறார். நான் அங்கே எதுவும் நடவில்லை. அந்த ஐப்பசி மழையில் கடல் கல்வரை ஏறி வந்தது. திவலை சன்னல் கண்ணாடியில் அடித்தது. கேட்டுக்கு வெளியே மணல் இறங்கியது; உள்ளே மேட்டிலும் ஒரு ஓரம் சரிந்தது, மீதி நின்றது. கொடிதான் நிறுத்தியது என்று சொல்ல எனக்குத் தெரியாது. கல்லும் தூண்டில் வளைவும் இருக்கின்றன. அந்த வருடம் புயல் எங்கள் பக்கம் கரையேறவில்லை. சிமெண்டுத் தரையில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்தது. அவர் அதைப் பூசினார்.

இந்த வருடம் அவர் வேலையிடத்திலிருந்து ஒரு பூவரசங்கொம்பை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். தன் பாதியின் மூலையில் சிமெண்டை உளியால் உடைத்துக் குழி போட்டு, நட்டு, மிதித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். வண்டிக்கு நிழல் வேண்டும் என்றார். எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று பார்த்து நட்டாரா என எனக்குச் சந்தேகமாக இருந்தது. பார்த்துத்தான் நட்டிருக்கிறார். பட்டை ஒரு பக்கம் பச்சை கட்டி, உச்சியில் இதய வடிவில் சின்னச் சின்ன இலைகள் வந்திருக்கின்றன. வண்டி இன்னும் வெயிலில்தான் நிற்கிறது.